காலனி என்றொரு வசை

(காரைக்குடியில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அம்மாவையும் அக்காளையும் இழுத்துத் திட்டுகிற வார்த்தைகளை நான் எடுக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எடுத்துக்கொள்வது ஒரு இங்கிலீஷ் வார்த்தை: காலனி.

லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழவன். அவன் குடியேறிய இடம் 'கொலோனியா'. அது இங்கிலீஷாகிக் கப்பலேறி நம்மூருக்கு வந்து ரெண்டா உடைஞ்சுபோச்சு. டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி என்று முன்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் மனை விலை ஏறும். மொட்டையாக 'காலனி' என்றால் நாம். "அவன் காலனிக்காரன்டா." இதில் ஆபாசம் ஏதாவது இருக்கா? இல்லை. ஆனால் கேட்டவனுக்கு உடம்பு கூசுகிறது.

சேரிக்கும் இதே கதிதான். சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் பிராமணர் குடியிருப்பும் சேரிதான். அதே காலத்துக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. அவர்கள் அக்ரகாரத்துக்குப் போய்விட்டார்கள். சேரி நம் தலையில் நின்றுவிட்டது.

சரி, இப்போது ஏன் இங்கிலீஷில் திட்டுகிறான்? 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையே தனிக் குற்றமாக்கியது. நாக்கு புத்திசாலி. 'கோட்டா' என்கிறது, 'காலனி' என்கிறது. புகார் மனுவில் 'என்னைக் கோட்டா என்றார்' என எழுதிக் கொடுத்துப் பாருங்கள், ஸ்டேஷனில் சிரிப்பார்கள். வங்கியில் பதவி உயர்வுப் பட்டியல் வந்த அன்றைக்கு டீ குடிக்கிற இடத்தில் இந்தச் சொல் சிரிச்சுக்கிட்டே வரும்.

நம் பெயர் அந்தப் பக்கம் போன கதை வேறு. 17ஆம் நூற்றாண்டிலேயே 'பறையர்' இங்கிலீஷுக்குள் நுழைந்து 'பரையா' ஆனது. இன்றைக்கு உலகம் ஒரு நாட்டை ஒதுக்கினால் 'பரையா ஸ்டேட்' என்று தலையங்கம் எழுதுகிறார்கள். இங்கே கேஸ் போடக்கூடிய சொல், அங்கே கனவான்களின் சொல். இரட்டைமலை சீனிவாசன் இந்தப் பெயரையே 1893இல் தன் பத்திரிகைக்கு வைத்தார். வசையைப் பிடுங்கி நம் வீட்டு வாசலில் பலகையாக மாட்டுவது! அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனா ஊருக்கும் நமக்கும் நடுவிலே கிடக்கிற அந்தப் பொட்டல், ரெண்டு சுடுகாடு, அதெல்லாம் அப்படியே இருக்கும்போது புதுப் பெயரை வசையாக்க எத்தனை நாள் ஆகும்?

கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். கணக்குத் தொடங்க வருகிற நம்ம பையன்களில் சிலர் முகவரிக் கட்டத்தில் 'காலனி' என்பதை அடித்துவிட்டு 'நகர்' என்று எழுதுகிறார்கள். ஆதாரில் பழைய பெயர். ரெண்டும் பொருந்தாது. "ஆதார்ல உள்ளபடியே எழுதுப்பா" என்று திருப்பிக் கொடுக்க வேண்டிய நாற்காலியில் நான் இருக்கிறேன்.