நிலவறையிற் கிடந்த றம்

றம் மரப்பீப்பாவில் இருக்குங் காலத்திலேயே முதிர்வது. போத்தலில் அடைத்தபின் அதற்கு வயது ஏறுவதில்லை. தக்கை பழுதுற்றால் ஆவியாகிக் குறையவுங் கூடும். ஆயினும் பழம் போத்தல்கள் ஏலத்திற் பெருவிலை பெறுகின்றன. வாங்குவோர் பலர் அவற்றைத் திறப்பதேயில்லை. குடித்தால் முதல் போய்விடுமன்றோ! அவர்கள் விலை கொடுப்பது வரலாற்றுக்கே.

அவ்வரலாறு எத்தகையது? இங்கிலாந்தின் யோக்சயரிலுள்ள ஹெயர்வூட் மாளிகையில், 2011ஆம் ஆண்டு நிலவறை இருப்பைக் கணக்கெடுத்தபோது, பூஞ்சணம் தடித்துப் படர்ந்த சில போத்தல்கள் அகப்பட்டன. உள்ளிருந்தது 1780ஆம் ஆண்டளவிற் பார்படோஸ் தீவில் வடித்த றம். மாளிகையைக் கட்டிய லசெல்ஸ் குடும்பத்தினருக்கு அத்தீவிற் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அக்காலத்திற் கரும்பை வெட்டியவரும், ஆலையிற் பிழிந்தவரும், கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தவரும் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழிவந்தோருமே. அவர்களுள் எவர் பெயரையும் எந்தப் போத்தலும் தாங்கவில்லை.

2013 டிசெம்பரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அப்போத்தல்களில் ஒரு பகுதியை ஏலத்தில் விற்றது. வருவாய், லீட்ஸ் நகரிலுள்ள ஜெரால்டீன் கொனர் அறநிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. திரினிடாட் வழிவந்த கலைஞர் அவ்வம்மையார். பிரித்தானியா அடிமை வாணிகத்தை ஒழித்த இருநூறாம் ஆண்டாகிய 2007இல், அவர் தமது இசைநாடகத்தை அதே ஹெயர்வூட்டில் மேடையேற்றியிருந்தார்.