குழாயின் முனை எங்கே?



கிள்ளானில் வாழும் என் பெரியம்மாவுக்கு மூக்கு வழியாக ஊட்டுகுழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினர். உணவுக்குழாய் என்று நான் சொல்லவில்லை. அது தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் உறுப்பின் பெயர். ‘வயிற்றுக்குள் குழாய்’ என்பதே நாங்கள் கேட்ட விளக்கம். அண்ணன் ஒரு குவளை ஊட்டப்பாலைச் சிரிஞ்சு கொண்டு ஒரே மூச்சில் செலுத்தினார். சற்று நேரத்தில் வயிற்றுவலி, கழிச்சல், தலைச்சுற்றல். குழாயின் முனை இரைப்பையைக் கடந்து நடுச்சிறுகுடலில் இருந்ததை அன்றிரவுதான் அறிந்தோம்.

இரைப்பை ஒரு பை, பெயரே சொல்லிவிடுகிறது. வந்ததைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடும். குடலுக்கு அவ்வியல்பு இல்லை. அங்கே ஊட்டம் மணிக்கணக்கில் மெல்ல இறங்க வேண்டும்.

பிறகு ஏன் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? சிலருக்கு இரைப்பை தன்னிடம் வந்ததைக் கீழே தள்ளாது. சிலருக்கு உணவு மேலேறி மூச்சுக்குழலில் புகும்.

மருத்துவர் அகநோக்கியை வாய்வழி செலுத்தி, முன்சிறுகுடலையும் கடந்து, அதனூடே மெல்லிய வழிகாட்டுக் கம்பியை விடுவார். அகநோக்கியை உருவிக் கம்பியின் வெளிமுனையை மூக்குக்கு மாற்றியபின், அதன்மீது குழாய் இறங்கும். உருவும்போது உள்ளே வைத்ததும் உடன் வந்துவிடுவதே இத்தொழிலின் பெருந்தொல்லை. ஆகவே, குழாய் நுனியில் நூல் கட்டி, இடுக்கியால் இழுத்துச் சென்று, குடற்சுவரில் கவ்வியால் பொருத்தும் முறையும் உண்டு. நெடுநாள் தேவைப்படுவோர்க்கு வயிற்றுச் சுவர் வழியே பொருத்துவர். 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கௌடரரும் பொன்ஸ்கியும் வயிற்றை அறுத்துத் திறக்காமல் இரைப்பையில் அவ்வாறு பொருத்தினர். அக்குழாயினுள் மெல்லியதொன்றைக் குடல்வரை நீட்டுவதும், நேரே குடலிலேயே துளையிடுவதும் பின்னர் வந்தன. கடைசி முறையே கடினமானது.

முன்சிறுகுடலுக்குக் கிரேக்கர் பன்னிரு விரல் அளவைப் பெயராக்கினர். இந்தோனேசிய மொழியில் அது இன்றும் ‘ஊசுஸ் டுவா பெலாஸ் ஜாரி’. மலாய் அறிந்த நம் மாணவர்க்கு விளக்கம் வேண்டா. தமிழில் முன், நடு, பின் என்று வரிசையே பெயராயிற்று. கேட்டவுடன் இடம் புலப்படும். இருந்தும் தேர்வுத் தாளோடு அச்சொற்களை விட்டுவிடுகிறோம். பிரிக்பீல்ட்சில் அறிவியல் பயிலும் மாணவர் தம் பாட்டியின் கட்டிலருகே அவற்றைச் சொல்லக் கூச்சப்படுவானேன்?

பெரியம்மாவின் கட்டிலருகே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘முனை நடுச்சிறுகுடலில் உள்ளது. பாலை ஒரேயடியாகச் செலுத்தாதீர்.’ அதன் கீழே, இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்காக, அதே செய்தி அவர் மொழியிலும் எழுதியிருக்கிறோம்.