சண்டிக் குதிரையும் சாந்தமான கையும்



2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி, சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், குதிரையேற்றத்தின் டிரெசாஜ் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அந்த அணி. 1982இல் டெல்லியில் வென்ற பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் அந்த நாட்டுக்குக் கிடைத்த தங்கம் அது. தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். குதிரை பந்தயம் ஓடவில்லை, தடை தாண்டவில்லை. மணல் பரப்பிய முற்றத்தில் நடந்தது, வளைந்தது, நின்றது. இதற்கா தங்கம்?

இதற்குத்தான். ஏன் என்று சொல்லுவதே இன்றைய உரை.

முற்றத்தின் நீளம் 60 மீற்றர், அகலம் 20 மீற்றர். விளிம்பில் எழுத்துப் பலகைகள் நிற்கும். எந்த எழுத்தருகே என்ன செய்ய வேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்ட ஒழுங்கு. குதிரையும் ஆளும் தனியே உள்ளே வருவார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி உண்டு. பத்து என்றால் மிகச் சிறப்பு, ஐந்து என்றால் ஏதோ தேறியது, நாலு என்றால் போதாது. எல்லாவற்றையும் கூட்டிச் சதவீதம் ஆக்குவார்கள். ஹாங்சோவில் இந்திய அணி எடுத்தது 209.205. நால்வரில் சிறந்த மூன்று பேரின் சதவீதத்தைக் கூட்டிய தொகை இது. வகுத்துப் பாருங்கள், தங்கம் வென்றவர்களின் சராசரியே எழுபதை எட்டவில்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் எழுபது எடுத்த பிள்ளையை "மிச்சம் முப்பது எங்கே?" என்று கேட்போம். டிரெசாஜில் அந்த மிச்ச முப்பதைத் தேடித்தான் ஆட்கள் ஆயுளைக் கழிக்கிறார்கள்.

இந்தக் கலையைக் கண்ணால் பார்ப்பது ஒரு வழி. வானொலிக்காரனான எனக்குக் காதால் கேட்பது இன்னும் பிடிக்கும். குதிரையின் சாதாரண நடையில் குளம்புகள் நான்கு தனித் தட்டாக விழும். ட்ரொட் என்ற ஓட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் சோடியாக விழுவதால் இரண்டு தட்டு. கான்டர் என்ற தாவலில் மூன்று தட்டு, பிறகு நான்கு காலும் நிலத்தை விட்டெழும் ஒரு நொடி மௌனம். தவிலின் திசிரத்தையும் சதுசிரத்தையும் கோயில் வீதியில் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் காதுக்கு இதைப் பிரித்தறிய வகுப்பு வேண்டியதில்லை. குதிரை அமைதியாக இருந்தால் கணக்குப் பிசகாது. உள்ளே பயம் வந்தால் முதலில் தவறுவது தாளம். தட்டுகள் அவசரப்படும், ஒன்றன் மேல் ஒன்று விழும். டிரெசாஜ் ஆசான்கள் பயிற்சிப் படிகளின் வரிசையில் தாளத்தை முதற்படியாக வைத்ததற்குக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு உடல் இளக்கம், வாய்க்கும் கைக்கும் உள்ள தொடுகை, உந்தல், உடல் நேராக நிற்றல், கடைசியில் ஒடுக்கம். ஒன்று ஆடினால் அடுத்தது நிற்காது.

இனி, விறைத்துப்போகிற ஒரு குதிரையின் கதைக்கு வருவோம். ஒலிம்பிக் வீரர்களை விட்டுவிடுங்கள். வேலை முடிந்து மாலையில் லாயத்துக்குப் போகிற ஒரு வங்கி எழுத்தரையோ தாதியையோ நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது விலை உயர்ந்த குதிரையும் அல்ல, சாதுவான குதிரையும் அல்ல. மிரளும், முரண்டு பிடிக்கும், ஒரு மூலைக்குப் போகவே மாட்டேன் என்று நிற்கும். சண்டிக் குதிரை. அதைக் கொண்டுதான் அவர் ஆகக் கீழ்நிலைப் போட்டிக்கு வருகிறார்.

உள்ளே நுழைகிற அந்த ஒரு நிமிடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஏ என்ற எழுத்தருகே வந்து, நடுக்கோட்டில் நேராகப் போய், எக்ஸ் என்ற இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் பலகை இல்லை, மனக்கணக்குத்தான். நான்கு காலும் சதுரமாக ஊன்றி அசையாமல் நின்றால், ஆள் ஒரு கையில் வார்களைப் பிடித்து, மறு கையைத் தாழ்த்தி நடுவரை வணங்குவார். எளிய காரியம். ஆனால் எதிரே சி என்ற எழுத்தடியில் நடுவரின் சின்னக் கொட்டில் இருக்கிறது. பக்கத்தில் நேற்று இல்லாத பூச்சாடி ஒன்று. குதிரையின் இரண்டு காதும் அதன் மேல் குத்திட்டு நிற்கும். கழுத்து உயரும், முதுகு பலகையாகும், வால் சுழலும், பற்கள் கடிபடும் சத்தம் கேட்கும். மூச்சை அடக்கிக்கொள்ளும். இப்போது மேலே இருப்பவர் என்ன செய்வார்? மனித சுபாவப்படி முழங்காலை இறுக்குவார், வாரை இழுப்பார், தானும் மூச்சை அடக்குவார். ஓடித் தப்பியே பிழைத்து வந்த பிராணி அது. தன்னைச் சுற்றிலும் கிட்டத்தட்ட முழுவதையும் பார்க்கக்கூடிய கண் அதற்கு. முதுகில் ஈ உட்கார்ந்தால் தோலைச் சிலிர்த்து விரட்டும் உடல், மேலே இருக்கிற ஆளின் நடுக்கத்தை அறியாமல் இருக்குமா? "இவனும் பயப்படுகிறான், அப்படியானால் அந்தப் பூச்சாடியில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்" என்று முடிவு கட்டிவிடும். குதிரையின் விறைப்பில் பாதி, ஆளின் விறைப்பு.

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு" என்பார்கள் எங்கள் பெரியவர்கள். டிரெசாஜில் அந்தச் சாட்டு செல்லாது. குதிரை முரண்டு பிடித்தது என்று நடுவரிடம் முறையிட முடியாது. எதிர்த்து நின்று இருபது வினாடிக்கு மேல் ஆட்டத்தைத் தொடரவிடாமல் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான்கு காலும் முற்றத்தின் எல்லையைத் தாண்டினாலும் அதே தீர்ப்பு.

அப்படியானால் வழி என்ன? தெரிந்தவர்கள் பயிற்சியில் செய்வதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். பூச்சாடியை நோக்கிக் குதிரையைத் தள்ள மாட்டார்கள். தலையைச் சற்றே உட்புறம் வளைத்து, தூரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்ட. நடையிலிருந்து ஓட்டத்துக்கு, ஓட்டத்திலிருந்து நடைக்கு என்று மாற்றி மாற்றி வேலை கொடுப்பார்கள். குதிரைக்கு யோசிக்க ஒன்று கிடைத்துவிட்டால் பயப்பட நேரம் குறையும். இடையிடையே ஒரு நுணுக்கம்: ஒரு கணம் உடம்பை நிமிர்த்தி, காலை மெல்ல அணைத்து, வாரை மூடிய விரல்களில் தாங்கி, அடுத்த கணமே விட்டுவிடுவது. அரைநிறுத்தம் என்று இதைச் சொல்லலாம். பிடிப்பதை எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். விடுவதில்தான் கலை இருக்கிறது. விட்டவுடன் குதிரை கழுத்தைத் தாழ்த்தி மூக்கால் பெருமூச்சு விடும். அதைக் கேட்ட பிறகுதான் பாடம் தொடங்குகிறது.

இது நேற்று வந்த ஞானம் அல்ல. கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் கிரேக்கத் தளபதி செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அடித்துக் குத்திச் செய்விக்கும் அசைவைக் குதிரை புரிந்து செய்வதில்லை, சவுக்கடி பட்டு ஆடும் நடனக்காரனிடம் அழகு இராதது போலக் குதிரையிடமும் இராது என்பது அவர் வாதம். மேடையில் காட்டும் அந்த நிமிர்ந்த கழுத்தும் எடுத்து வைக்கும் காலும் குதிரைக்கு நாம் சொல்லிக்கொடுத்தவை அல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் நெடுந்தீவின் வெளியில் திரிகின்றன. கடிவாளமே காணாத அவற்றில் ஓர் ஆண் குதிரை இன்னோர் ஆண் குதிரையின் முன் பெருமை காட்டும்போது இதையெல்லாம் தானாகவே செய்யும். முதுகில் மனிதன் ஏறியதும் பாரத்தால் அந்தச் சமநிலை கெடுகிறது. கெட்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான் பழக்குதல்.

வியன்னாவில் பதினாறாம் நூற்றாண்டில் வேர்கொண்ட ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இந்த மரபைக் காத்து வருகிறது. 2015இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் குதிரையேற்ற ஆசான் லா கெரினியேர் 1733இல் வெளியிட்ட நூலில் குதிரையின் தோளை உட்புறம் கொண்டுவந்து உடலை இளக்கும் பயிற்சியை விவரித்தார். விறைத்த குதிரைக்கு இன்றைக்கும் கொடுக்கும் மருந்து அதுவே.

ஆனால் கலை மென்மையானது என்பதால் அதை நடத்தியவர்களும் மென்மையானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1912இல் டிரெசாஜ் ஒலிம்பிக்கில் சேர்ந்த பிறகு நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளுக்கே உரிய மேடையாக இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அணியில் இருந்த கெனெல் பெர்சன் என்ற வீரர் உண்மையில் சார்ஜன்ட் தரத்தவர், போட்டிக்காக மட்டும் அதிகாரி ஆக்கப்பட்டவர் என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு தங்கத்தைப் பறித்தார்கள். குதிரைக்குத் தெரியாத சாதி ஒன்று மனிதனுக்குத் தெரிந்திருந்தது. 1952 ஹெல்சிங்கியில் கதவு திறந்தது. அதே பெர்சன் திரும்பி வந்து அணியோடு தங்கம் வென்றார்.

அதே போட்டியில் இன்னொருவரும் வந்தார். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தவர். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். கீழ்க்காலால் அணைப்பதே குதிரையிடம் பேசும் முதல் மொழி என்று நம்பியிருந்த உலகத்தில், அந்த மொழியே இல்லாமல், இடுப்பாலும் முதுகாலும் உடற்பாரத்தாலும் ஜூபிலி என்ற பெண் குதிரையோடு பேசி, ஆண்களுக்கு நடுவே வெள்ளிப் பதக்கம் பெற்றார். நான்கு ஆண்டு கழித்து மீண்டும் வெள்ளி. பலம் தேவை என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

கலையின் இருட்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும். காலை உயர்த்தி வீசும் பளபளப்புக்கு நடுவர்கள் மயங்கி, முதுகின் விறைப்பைக் காணாமல் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. குதிரையின் மோவாய் நெஞ்சில் படும்படி கழுத்தைப் பலவந்தமாக மடக்கும் முறையைச் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010இல் ஏற்க மறுத்தது. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கையில், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரித்தானியாவின் ஷார்லட் டுஜார்டின் பயிற்சியொன்றில் குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடிக்கும் காணொளி வெளிவந்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார், ஓராண்டுத் தடையும் பெற்றார். செனபோனின் எச்சரிக்கையை உச்சியில் இருந்தவரே மறந்தார் என்றால், கீழ்ப்படியில் நின்று பூச்சாடியைச் சுற்றிப் பொறுமையாக வட்டம் போடும் அந்த வங்கி எழுத்தர் ஒருவேளை எடுக்கிற ஐம்பத்தெட்டுச் சதவீதத்தை நான் சின்னதாக எண்ண மாட்டேன். பிறவியிலேயே அழகாக நடக்கும் குதிரையில் எழுபது எடுப்பதைவிட, மிரளும் குதிரை ஒரு முறை கழுத்தைத் தாழ்த்தி மூச்சு விட்ட அந்த ஐம்பத்தெட்டு, இந்தக் கலையின் நடுநாடிக்கு நெருக்கமானது.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருந்துகொண்டு ஏன் பேசுகிறேன்? எங்கள் ஊரில் குதிரை இல்லை; மாடு இருக்கிறது. தோட்டத்து உழவுக்கு லான்ட்மாஸ்டர் இயந்திரம் வந்த பிறகும் மாட்டுவண்டிச் சவாரிக்கென்றே சோடி மாடு கட்டி, பிள்ளையைப் போலத் தீன் போட்டு வளர்க்கிறவர்கள் வலிகாமத்தில் இருக்கிறார்கள். நாம்பனைப் பழக்குகிறவர் எப்படிப் பழக்குகிறார் என்று பாருங்கள். பழகிய மாட்டோடு சோடி சேர்ப்பார், முதலில் வெறும் வண்டி, சத்தத்துக்கும் சனத்துக்கும் மெல்ல மெல்ல, நாணயக்கயிற்றை இழுத்த கை இளக வேண்டிய நேரத்தில் இளகும். லா கெரினியேரை வாசிக்காமலே லா கெரினியேரின் வேலையைச் செய்கிறவர் இவர். ஆனால் திடலில் அந்தப் பொறுமைக்குப் பரிசு இல்லை. முதலில் கோட்டைத் தாண்டியவருக்குத்தான் பரிசு. அதனால் மாதக்கணக்கில் கையால் பழக்கிய மாட்டின் மேல் கடைசி நிமிடத்தில் தடி விளையாடுகிறது. குத்தும் அடியும் அளவு மீறுகிறது என்ற முறைப்பாடும் அதனோடு வருகிறது.

சவாரியை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது எங்கள் மண்ணின் விளையாட்டு. சவாரிக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சவாரியில், ஓட்டத்துக்கு முன்னால் இன்னொரு போட்டி வையுங்கள். தடி இல்லாமல் ஒருவர் சோடியைக் கோட்டுக்குக் கொண்டுவரட்டும். சொன்ன இடத்தில் மாடு அசையாமல் நிற்கட்டும். நடக்கட்டும், திரும்பட்டும், மறுபடி நிற்கட்டும். ஊரில் மாடு தெரிந்த மூன்று பெரியவர்கள் பத்துக்குப் புள்ளி போடட்டும். ஓட்டத்தில் முதலாவதாக வந்த சோடிக்குக் கொடுக்கிற அதே பெறுமதியில் இதற்கும் ஒரு பரிசு கொடுங்கள். நல்ல கை எது என்று ஊருக்கு அன்றைக்குத் தெரியும்.