தீவுகளின் படங்கள் நம் ஊரில் எதற்கு?

(அறக்கட்டளை அரங்கில் மாதாந்திர இலவசத் திரையிடலுக்கு முன்னர் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





விளக்கை அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சென்ற மாதம் படம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நம் மஹல்லாவின் மூத்தவர் ஒருவர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "ஆலங்காயத்துல உக்காந்துக்கிட்டு எங்கேயோ இருக்குற தீவோட கரும்புக் கொல்லையைப் பாத்து நமக்கு என்னப்பா ஆகப்போவுது? டிரஸ்டுக்கு வேற வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. அன்று வாசலில் நின்றபடி சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

அந்தத் தீவுகள் நமக்குத் தெரியாதவை அல்ல. வெஸ்ட் இண்டீஸ் என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அணியில் ஆடிய கன்ஹாய், காளிச்சரண், சந்தர்பால் ஆகியோரின் பெயர்களைக் கேளுங்கள். 1970களில் டிரினிடாட்டிலிருந்து வந்து டெஸ்ட் ஆடிய சுழற்பந்து வீச்சாளரின் பெயர் இன்ஷான் அலி. இந்தப் பெயர்கள் அங்கே எப்படிப் போயின?

ஆங்கிலேயர் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு இந்தியாவிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள். 1838இல் கயானாவுக்கு முதல் கப்பல்கள் சேர்ந்தன. டிரினிடாட்டுக்கு முதல் கப்பல் 1845 மே 30 அன்று சேர்ந்தது. அந்தக் கப்பலின் பெயர் ஃபத்ஹுர் ரஸ்ஸாக். வெள்ளைக்காரர் அதை 'ஃபேட்டல் ரசாக்' என்று எழுதி வைத்தார்கள். 1917இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் கரீபியன் பகுதிக்குப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியே போன வடநாட்டவர். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்கிற்கும் குவாதலூப்பிற்கும் போனவர்களில் தமிழர் ஏராளம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. அதற்குப் பின் அங்குள்ள நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழரில் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்கள் மிகப் பலர். ஆம்பூர், வாணியம்பாடி தோல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது நமக்குப் பெருமையாகச் சொல்லப்படும். இந்தப் பக்கத்து மனிதர்கள் கப்பல் ஏறியதை யாரும் சொல்வதில்லை.

சென்ற மாதம் நாம் பார்த்தது மார்ட்டினிக் தீவைச் சேர்ந்த யூசான் பால்சி என்ற பெண் 1983இல் எடுத்த படம். ஆங்கிலத்தில் 'சுகர் கேன் அல்லி'. வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது பெற்றது. வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். கரும்பு வெட்டும் ஒரு கறுப்பினப் பாட்டி, பேரன் ஜோசேயை எப்படியாவது படிக்க வைக்க நினைக்கிறாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் கூலிக்கு இறங்கும்போது இவனை இறங்க விடுவதில்லை. பிறகு அவனுடைய மேல்படிப்புக்காக நகரத்துக்குக் குடிபோய் அடுத்தவர் துணி துவைக்கிறாள். இவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஆனால் பெண்கள் பக்கம் அன்று யாரும் எழுந்து போகவில்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு சகோதரி வெளியே வந்து, "எங்க அம்மா டேனரிக்குப் போயி என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க, அந்தக் கெழவி கை மாதிரியேதான் அவங்க கையும்" என்றார். மூத்தவர் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்.

மீதிப் பாதியைச் சொல்லலாமா வேண்டாமா என்று குழுவில் இரண்டு முறை பேசினோம். சம்பந்தப்பட்ட சகோதரரே, பெயர் இல்லாமல் சொல்லுங்கள் என்று அனுமதி தந்த பிறகு சொல்கிறோம்.

அன்று படத்துக்குப் பின் நடந்த உரையாடலில் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிச் சொன்னோம். முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்துச் சிறையில் அடைப்பார்கள் என்றோம். அப்போது பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். வளைகுடாவில் ஒன்பது வருடம் இருந்து திரும்பியவர். "சீட்டு இல்லாம வெளியே போக முடியாதுங்கறது எனக்குத் தெரியும்" என்று தொடங்கினார். போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதையும், இங்கே டிரைவர் வேலை என்று சொல்லி அங்கே சுமை தூக்க விட்டதையும், ஏழு மாதம் சம்பளம் வராததையும் சொன்னார். அந்த ஏழு மாதமும் வீட்டுக்குப் பணம் வந்தது. அது அறையில் உடனிருந்தவர்களிடம் வாங்கிய கடன். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை இது ஒன்றும் தெரியாது.

நம் பகுதியில் இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை வருடங்கள் பேசப்படாமல் கிடக்கின்றன? 'ஆடுஜீவிதம்' படத்தை நம்மில் பலர் போனிலேயே பார்த்துவிட்டோம். பென்யாமின் 2008இல் எழுதிய நாவல், 2024இல் படமாக வந்தது. விமான நிலையத்திலேயே வேறொருவன் கையில் சிக்கிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்கப் போன நஜீபின் கதை. போனில் தனியாகப் பார்த்து அழுதுவிட்டு மூடி வைக்கிறோம். ஒரு கூடத்தில் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தால் யாராவது ஒருவர் வாய் திறக்கிறார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நேரடியாக, "உங்கள் வளைகுடாக் கதையைச் சொல்லுங்கள்" என்று ஒரு கூட்டம் போட்டிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். தூரத்துத் தீவின் கதை நடுவில் இருந்ததால் பேச முடிந்தது.

அந்தப் பேச்சிலிருந்து உடனடியாக ஒரு பயன் கிடைத்தது. அடுத்த வாரமே இரண்டு இளைஞர்கள் தங்கள் விசா காகிதங்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் சவூதி, அமீரகம், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' அனுமதி வாங்க வேண்டும். கரும்புக் கப்பல் காலத்திலேயே சென்னையில் இந்தப் பெயரில் ஓர் அதிகாரி இருந்தார். பெயர் மட்டும் மாறவில்லை! ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பவே வேண்டாம். அனுமதி பெற்றுப் போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம்.

இப்படி இலவசமாகப் படம் காட்டிப் பேசுவது நாம் கண்டுபிடித்தது அல்ல. மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பினர் 1998 முதல் ஆவணப்பட விழா நடத்தி வருகிறார்கள். டிரினிடாட்டிலேயே 2006 முதல் நடக்கும் திரைப்பட விழா கரீபியன் படங்களையும், அங்கிருந்து புலம்பெயர்ந்தோர் எடுத்த படங்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகக் காட்டுகிறது. நாம் மிகச் சிறியவர்கள். புரொஜெக்டர் பள்ளிக்கூடத்து இரவல்.

செலவு பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. இதற்கென்று தனியாகத் தந்தவர்களின் பணம் மட்டுமே. கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். இலவசமாகக் காட்டினாலும் படத்தின் உரிமையாளரிடம் அனுமதி கேட்கிறோம். பதில் வராத படத்தைக் காட்டுவதில்லை.

டிரினிடாட்டின் 'ஹோசே' ஊர்வலம் பற்றிய ஆவணப்படத்தைக் காட்டச் சொல்லி இளைஞர்கள் கேட்கிறார்கள். முஹர்ரம் மாதத்தில் தாஜியா தூக்கிப் போகும் வழக்கம் அது. அங்கே இந்துக் கூலிகளும் சேர்ந்தே தூக்கினார்கள். 1884 அக்டோபர் 30 அன்று, தடையை மீறி சான் பெர்னாண்டோ நகருக்குள் வந்த ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டதில் குறைந்தது 16 பேர் இறந்தார்கள். அந்தச் சடங்கு பற்றி நம் ஆலிம்களின் கருத்து வேறு என்பது தெரியும். ஆனாலும் அது கூலிக்காரர்களின் வரலாறு. காட்டுவதா வேண்டாமா என்று குழு இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் அபிப்பிராயத்தை எழுதிப் பெட்டியில் போடுங்கள்.

இன்றைய படம் 'தால் பூரி டயஸ்போரா', 2012. எடுத்தவர் டிரினிடாட்டில் பிறந்து டொரண்டோவில் வாழும் ரிச்சர்ட் ஃபங். உள்ளே பருப்பு வைத்த ஒரு ரொட்டி, கூலிகளோடு தீவுக்குப் போய், அங்கிருந்து கனடா போய்ச் சேர்ந்த கதை. பிரியாணி பற்றி மணிக்கணக்கில் வாதம் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலம் புரியாதவர்களுக்காக நம் பள்ளி ஆசிரியை ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். வலது ஓரத்தில் உட்காரும் பாட்டிமார்களுக்கு அவருடைய மகள் உருதுவில் சொல்வாள். சென்ற முறை இரண்டு குரலும் மோதிக்கொண்டன. இன்று ஸ்பீக்கரைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

அடுத்த மாதம் மலேசியாவின் 'ஜகாட்', 2015. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுவனின் கதை. அது தமிழ்ப் படம் என்பதால் ஆசிரியைக்கு ஓய்வு. ரவுடிகள் வரும் காட்சிகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகளை அன்று வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, இஷாவுக்குப் பின் தொடங்குகிறோம். காகிதங்களைக் காட்ட விரும்புகிறவர்கள் அன்று மாலை அஸருக்குப் பிறகே வந்துவிடலாம். இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள்.

பின்னால் இருக்கும் தம்பி, விளக்கை அணைக்கலாம்.