வட்டவளை மழையும் ஸ்டியரிங் மூட்டும்

1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், நமது தேயிலைத் தோட்டங்களின் கற்பாதைகளில் இன்றும் பிரயாணம் செய்கிறது. இலங்கையில் மிகுந்த மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான வட்டவளையிலே, அதன் ஸ்டியரிங் தண்டின் நுனியிலுள்ள போல் ஜொயின்ட், ரப்பர் உறை சற்றே கிழிந்து சேற்று ஜலம் புகுந்துவிடுமாயின், கிரீஸ் கழுவப்பட்டு, உருக்குக் குண்டு தேய்ந்து ஆடத் தொடங்கிவிடும். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றவர் மூட்டின்மேல் விரலை வைத்தால், அந்த ஆட்டம் விரலுக்கே தெரியும்.

சில்லுகளுக்குக் கல் வைத்து, வீட்டு முற்றத்திலேயே இந்த மூட்டை மாற்றலாம். ஸ்பிளிட் பின்னை உருவி நட்டைக் கழற்றிய பின்னும் கூம்பான முனை எளிதில் விடாது; அதன் புரியில் சுத்தியலால் அடிப்பது பெரும் பிசகு; அதைத் தாங்கும் இரும்புக் கையின் ஒரு பக்கத்திற் கனத்த இரும்பை அண்டக்கொடுத்து, மறுபக்கம் தட்டுவதே முறை. பழையதைத் திருகி எடுக்கையில் சுற்றுகளை எண்ணிவைத்து, புதியதையும் அத்தனை சுற்றே பொருத்துங்கள். ஒருபுறம் இடப்புரி, மறுபுறம் வலப்புரி. ஆகையால் கடையிலேயே கேட்டு வாங்குவது அவசியம். பழைய ஸ்பிளிட் பின்னை மீண்டும் இடவே வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் அந்த நட்டுக் கழன்றால், ஸ்டியரிங் கையில் இருந்தும் சில்லு சொற்கேளாது. முன்சில்லுகளின் நேரைக் கராஜில் ஒருமுறை அளந்த பின்னரே வாகனத்தைத் தூரப் பிரயாணத்துக்கு எடுங்கள்.