அப்பத்தாவின் பத்துப் பெட்டி நட்டம்



திக்கிப் பேசும் பிள்ளைக்குப் பெரிதும் கைகொடுப்பது பயிற்சியாளரா, வீடா என்பது தலைப்பு. நான் வீட்டின் பக்கம். எதிரணி நண்பர் கேட்டார்: "இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கே லயனல் லோக் என்ற பயிற்சியாளர்தானே பேச்சைக் கொடுத்தார், வீடு என்ன கிழிச்சது?"

ஐயா, 1926-இல் அவர் மன்னர்கூட இல்லை. பலபேரிடம் போய்ச் சலித்துப்போன இளவரசர். அவரை இன்னும் ஒருதடவை போகச் சொல்லி இணங்க வைத்தது யாரு? அவர் மனைவி! அது வீடா, இல்லையா? (கைதட்டல்)

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துப் பேசவில்லை. நான் பிறந்தது அச்சங்குளம். அப்போது இராமநாதபுரம் மாவட்டம். 1985-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் அந்த ஊர்ப் பெயர் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நான் சின்ன வயதில் திக்கினேன். ஊரே சொன்னது, "வெடிச் சத்தத்துல பயந்துட்டான்." வெடிச் சத்தம்தான் காரணம்னா சிவகாசி வட்டாரத்துல பாதிப்பேர் திக்கணுமே!

உண்மை வேறு. திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. நூறு பிள்ளைகளில் சுமார் ஐந்து பேருக்கு வருகிறது. குடும்ப வழியாக வருவது அதிகம். மூளை பேச்சை நடத்தும் விதத்தில் உள்ள சிறு வேறுபாடு அது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும்.

எனக்கு நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். நம்ம ஊரில் வசம்புக்கு என்ன பெயர்? 'பேர் சொல்லாதது'! மருந்துக்கும் பேர் சொல்லக் கூடாது, எனக்கும் என் பேர் சொல்ல வராது. எப்படிப் பொருத்தம்? (சிரிப்பு)

பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லணும். நான் 'உ... உ...' என்று நிற்பதற்குள் வாத்தியார் மூணு பேரைத் தாண்டிப் போயிருப்பார். வகுப்பில் இருப்பேன், பதிவேட்டில் இருக்க மாட்டேன். வகுப்பே சிரித்த ஒருநாள் வாயை மூடினேன். இரண்டு வருஷம் பள்ளியில் நான் வாயே திறக்கவில்லை.

1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனாதை இல்லப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடமும், "உன் பேச்சு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பேசவே தயங்கி ஒடுங்கினார்கள். 2001-இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. குறை சொல்லும் வாய்க்கு அவ்வளவு வலிமை!

அப்படியானால் கேட்கும் காதுக்கு?

எங்கள் அப்பத்தா தீப்பெட்டி ஒட்டுவாள். குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. நான் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அவள் கை நின்றுவிடும். என் முகத்தைப் பார்ப்பாள். சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டாள். "மெதுவாப் பேசுடா" என்றும் சொல்ல மாட்டாள். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவளுக்குப் பத்துப் பெட்டி நட்டம். அந்த நட்டத்தில் வளர்ந்தவன்தான் இன்று தமிழ்ப் பேராசிரியராக உங்கள் முன்னால் நிற்கிறேன்! (கைதட்டல்)

இன்றைக்கும் எனக்குத் திக்கும். நடுவர் மணியில் கை வைத்தால் கட்டாயம் திக்கும். (சிரிப்பு) ஆனால் வெட்கமில்லை. 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் திக்கிப் பேசியவர்தான். எப்போதுமே திக்குமா என்று கேட்டவரிடம், பேசும்போது மட்டும்தான் என்றாராம்!

பயிற்சியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை முகம் சுளித்துத் திணறினாலோ, பேசவே பயந்தாலோ தாமதிக்காமல் கூட்டிப் போங்கள். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய நிறுவனம் பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம்; மிச்சம் 167? நம்மிடம்! சிட்னியில் உருவான லிட்கம்ப் முறையில், பயிற்சியாளர் தாய்தகப்பனுக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறார். தினமும் வீட்டில் செய்வது அவர்கள்.

ஆகவே தாய்மார்களே, விருந்தாளி முன்னால் பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். அவன் சொல்லை அவனே முடிக்கட்டும். பத்துப் பெட்டி நட்டமானால் ஆகட்டும்!

தீர்ப்பு வீட்டுக்கே என்று கேட்டு, மணி அடிக்கும் முன் அமர்கிறேன்.