அகப்பையும் ஒரு கல்வி



முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பிலே கூழ் காய்ச்சவும் ஒடியற் பிட்டு அவிக்கவும் அறியாத வீடு அரிது. வயல் தரும் நெல்லும் நந்திக்கடல் தரும் இறாலும் நண்டும் அவ்வூரார் கைபட்டுச் சுவை பெறுகின்றன. ஆயினும், சாதாரண தரம் தேறிய பிள்ளையொருவன் சமையற்கலை பயில விரும்பினால், “அகப்பை பிடிக்கவா இத்தனை காலம் படித்தாய்?” என்ற கேள்வியே முதலில் எழும். இக்கேள்வி மறுபரிசீலனைக்குரியது.

2009ஆம் ஆண்டுப் போரிலே அவ்வூர் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். அந்நாட்களில் அரிசியும் உப்பும் இட்ட கஞ்சியே பலர் உயிரைத் தாங்கியது. மீளக் குடியமர்ந்தபோது, குடும்பச் சுமை எத்தனையோ பெண்களின் தோளில் விழுந்திருந்தது. வீடும் முதலும் இழந்தோரிடம் இழக்கப்படாது எஞ்சியது கைப்பக்குவம். அது பிழைப்புக்கு வழியாகும் என்பதற்கு, வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிலே பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் சான்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வழிப்போக்கர் அவற்றை நாடிச் சென்று உண்கின்றனர்.

எனினும், கைப்பக்குவத்துக்கு மேல் கல்வி தருவது யாது? முதலாவது, அளவு. பத்துப் பேருக்கு ஆக்கிய கறியை இருநூறு பேருக்கு ஆக்கும்போது, எல்லாவற்றையும் இருபது மடங்காக்கினால் போதாது. பெரும் பாத்திரத்திலே நீர் வற்றும் விகிதம் குறைவதால் கறி தண்ணீராகிவிடும். இரண்டாவது, சுத்தம். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆதலின் சமைத்த உணவை அவ்வெல்லைக்கு மேலே சூடாகவோ, கீழே குளிராகவோ வைத்தல் வேண்டும். மூன்றாவது, கணக்கு. அரிசி, தேங்காய், விறகு, கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பாராது விலை குறிப்பவர், நாள்தோறும் விற்றும் கடனாளியாவார்.

இக்கல்விக்கு இலங்கையில் வாயில்கள் உண்டு. 1960களில் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய நிறுவனமே இன்று சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக விளங்குகின்றது. வன்னியிலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலே உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகின்றது. மேலும், தேசியத் தொழிற்றகைமை ஏழு படிகளை உடையது. முறையாகப் படியாதவரும் தாம் செய்துவந்த தொழிலுக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டில் தேறித் தகைமை பெறலாம். அடுப்படியிலே பல்லாண்டு உழைத்த தாய்மாருக்கு இது பெரும் வாய்ப்பு.

கற்றவர் செல்லும் வழிகளும் பல. பிரெஞ்சு நாட்டு எஸ்கோஃபியே, பெருவிடுதிச் சமையலறையைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை அமர்த்தினார். உதவியாளராக நுழைபவர் அப்பிரிவுகளிலே பயின்று, தலைமைச் சமையலாளராக உயரலாம். வெதுப்பகம், மருத்துவமனைச் சமையற்கூடம், கப்பல், பழங்களையும் மீனையும் பதப்படுத்தும் தொழிற்சாலை ஆகியனவும் இவர்களை வேண்டி நிற்கின்றன. சொந்தமாக உணவகம் நடத்துவோரும் ஆசிரியராவோரும் உளர்.

இத்தொழில் எளிதானதன்று. நெடுநேரம் நிற்றலும், நெருப்பின் வெம்மையும், ஊரார் கொண்டாடும் நாளில் உழைத்தலும் இதன் பகுதிகள். அவற்றை அறிந்தே பிள்ளைகள் இதனைத் தெரிந்தெடுத்தல் நன்று. அவ்வாறு தெரிந்தெடுத்தவனை ஏளனம் செய்யாது வழியனுப்புதல் பெற்றோர் கடன். கஞ்சியின் அருமையை உணர்ந்த ஊருக்கு, உணவாக்கும் தொழிலின் பெருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.